யாருக்காக ஊர் மாறுகிறோம்?

சென்னை வேளச்சேரியிலிருந்து தென்காசிக்குக் குடிவந்த குடும்பம் எங்களுடையது. நகரத்தை விட்டுக் கிளம்பலாமா என்று யோசிக்கும் நண்பர்களும் உறவினர்களும் அடிக்கடி கூப்பிட்டு, "அங்க எப்படி, நல்லா இருக்கா?" என்று கேட்கிறார்கள். இதற்கு ஒரே பதில் என்னிடம் இல்லை. மாமியாருக்கு நன்றாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ரொம்பவே நன்றாக இருக்கிறது. ப்ளஸ் ஒன் படிக்கும் மகளுக்குப் பாதி நன்றாக இருக்கிறது, பாதி இல்லை. வீட்டிலிருந்தே கம்பெனி வேலையைப் பார்க்கும் கணவருக்கு மின்சாரமும் இணையமும் இருந்தால் எந்த ஊரும் சரிதான். எனக்கு இந்த ஊர் நன்றாக அமைய, நானே வழி தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

சிற்றூரா நகரமா என்பதை ஊர்களை ஒப்பிட்டு முடிவு செய்ய முடியாது. வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அடுத்த நான்கைந்து ஆண்டுக்கு என்ன வேண்டும் என்பதைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும். இங்கே வந்து வாழ்ந்ததில் நான் தெரிந்துகொண்டது இதுதான். கிளம்ப நினைப்பவர்களுக்கும், அங்கேயே இருந்துவிட நினைப்பவர்களுக்கும் உதவும் என்பதால் எழுதுகிறேன்.

பேசாதவரை முதலில் கேளுங்கள்

இந்தப் பேச்சை வீட்டில் யாரோ ஒருவர்தான் ஆரம்பிப்பார். பெரும்பாலும் அவருக்குத்தான் மாற்றத்தால் லாபம் அதிகம். மற்றவர்கள் "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிடுவார்கள். அந்த "உங்க இஷ்டம்" என்ற பதிலை நம்பி லாரிக்குச் சொல்லிவிடக் கூடாது.

வேளச்சேரியில் மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. மாமியார் முழங்கால் வலியோடு வாரத்துக்கு ஒருமுறை கீழே இறங்கினால் அதிகம். 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த காலத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெரு மூழ்கிக் கிடந்தபோதும் அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, உங்களுக்கு எங்கே இருக்கணும்னு தோணுது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "தெருவுல நாலு பேரு முகத்தைப் பாக்கணும்மா" என்றார். எங்கள் முடிவில் தண்ணீரையும் வெள்ளத்தையும் விட அந்தப் பதிலுக்குத்தான் எடை கூடுதல்.

இப்போது காலை பத்து மணிக்குள் பூக்காரம்மா, கீரைக்காரர், எதிர்வீட்டு ஆச்சி என்று எல்லோரோடும் பேசி முடித்துவிடுகிறார். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், யாரிடமும் காசு கேட்காமல் தாமே பஸ் ஏறிக் காசி விசுவநாதர் கோயிலுக்குப் போகிறார். அந்தக் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்று பெயர் பெற்றது. அதில் சேலைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டு, சுவரை ஒட்டி ஒவ்வோர் அடியாக நடந்து உள்ளே போவார். கூட வரட்டுமா என்றால் வேண்டாம் என்பார். தனியாக ஓர் இடத்துக்குப் போய்வர முடிகிறது என்பதே அவருக்குப் பெரிய பலம்.

பெண்ணின் வேலை என்ன ஆகும்?

ஊர் மாறும் குடும்பங்களில் அதிகமாக விட்டுக்கொடுப்பவர் பெரும்பாலும் மனைவிதான். கணவருக்கு வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிடும். மனைவியின் வேலை "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்ற பட்டியலில் சேர்ந்துவிடும்.

சிற்றூரில் படித்த பெண்களுக்கான வேலைகள் எண்ணிச் சொல்லக்கூடியவை. பள்ளிக்கூடம், வங்கி, மருத்துவமனை, ஜவுளிக்கடையில் கணக்கு. விதிவிலக்குகளும் உண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ நிறுவனம் இயங்குவதால் மென்பொருள் வேலை இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் எல்லா ஊருக்கும் அப்படி ஒன்று அமைவதில்லை.

நான் கணக்கு வேலை தெரிந்தவள். கிளம்புவதற்கு முன்பே இங்கே வந்து மரக்கடை, அரிசி ஆலை, பாத்திரக்கடை என்று விசாரித்தேன். ஜிஎஸ்டி தாக்கலுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று மூன்று இடத்தில் சொன்ன பிறகுதான் நான் சம்மதம் சொன்னேன். இன்று மாதம் 20-ம் தேதி நெருங்கினால் என் மேசையில் ரசீதுக் கட்டுகள் குவிகின்றன. வருமானம் சென்னையை விடக் குறைவு. ஆனால் வேலை என்னுடையது, பெயரும் என்னுடையது. தோழிகளிடம் நான் சொல்வது இதுதான்: போகிற ஊரில் உங்கள் வருமானத்துக்கு ஒரு வழி கண்ணில் படும்வரை சம்மதம் சொல்லாதீர்கள்.

மிச்சம் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள்

வாடகை பாதிக்கும் கீழே இறங்குவது உண்மை. பாவூர்சத்திரம் சந்தை பக்கத்தில் இருப்பதால் காய்கறி மலிவு. அதே நேரம் பெட்ரோல், இணையம், கைபேசி, மருந்து, தனியார் பள்ளிக் கட்டணம் எதுவும் ஊரைப் பார்த்துப் பெரிதாகக் குறைவதில்லை. சேரும் செலவுகளும் உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளில் வேலை கெடாமல் இருக்க இன்வெர்ட்டரும் இரண்டாவது இணைய இணைப்பும் தேவை. கல்யாணம், அலுவலகக் கூட்டம் என்று சென்னை போய்வரும் செலவு தனி. பொதிகை எக்ஸ்பிரசில் முன்பதிவு 60 நாளைக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளி, பொங்கல் என்றால் திறந்த சில நிமிடங்களில் காத்திருப்போர் பட்டியல்தான்.

சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டியது வீட்டு வாடகைப்படி. மத்திய அரசு ஊழியருக்குச் சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம் கிடைக்கும் படி, தென்காசி போன்ற ஊரில் 10 சதவீதம்தான். ஊரைப் பார்த்துச் சம்பளத்தைக் குறைக்கும் தனியார் நிறுவனங்களும் உண்டு. எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி எத்தனை காலத்துக்கு என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

சென்னையில் சொந்த வீடு இருந்தால் விற்றுவிட்டு வராதீர்கள், வாடகைக்கு விடுங்கள். இங்கே வந்ததும் மனை வாங்கத் தோன்றும். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, டிடிசிபி அனுமதி நான்கையும் தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிய பிறகு முன்பணம் கொடுத்தால் போதும்.

ஆறாம் வகுப்பும் பதினொன்றாம் வகுப்பும்

குழந்தைகள் எந்த வகுப்பில் இருக்கும்போது மாறுகிறோம் என்பது, எந்த ஊருக்கு மாறுகிறோம் என்பதைப் போலவே முக்கியம். தொடக்கப்பள்ளி வயதில் மாறுவது எளிது. என் மகன் வந்த மாதமே தெருப்பிள்ளைகளோடு சேர்ந்துவிட்டான். ஒன்பது, பத்தாம் வகுப்பில் நண்பர்களைப் பிரித்து அழைத்து வருவது கடினம். அதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாம் வகுப்பு ஒரு முக்கியமான கட்டம். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் அது வந்தது. சிற்றூர்களில் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். அவை இந்த ஒதுக்கீட்டில் சேராது. எனவே பள்ளி எந்த வகை என்பதை விசாரித்துச் சேருங்கள். ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பியிருக்கின்றனவா, ஆய்வகம் திறந்திருக்கிறதா என்பதை நேரில் போய்ப் பாருங்கள்.

பதினொன்றாம் வகுப்புக்கு வரும்போது சிற்றூரின் எல்லை தெரிய ஆரம்பிக்கும். மகளுக்குக் கட்டடக்கலை படிக்க ஆசை. அதன் நுழைவுத்தேர்வுக்கு வரையக் கற்றுக்கொடுக்க இங்கே ஆள் கிடைக்கவில்லை, இணையத்தில் கற்கிறாள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஞாயிறு முழுக்க உட்கார்ந்திருந்தவள் அவள். அதற்கு ஈடாக எதையும் எங்களால் இங்கே கொடுக்க முடியவில்லை. இதை அவளிடம் ஒளிக்காமல் பேசியிருக்கிறோம். விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குச் சென்னை போனால் அந்த நூலகத்துக்கும் நகரத்தின் கட்டடங்களுக்கும் என்று தனியாக நாள் ஒதுக்குகிறோம்.

மருத்துவமனையை மணிக்கணக்கில் பாருங்கள்

ஓர் இரவு மாமியார் கட்டிலிலிருந்து எழுந்தவர் தள்ளாடி உட்கார்ந்துவிட்டார். பேச்சு குழறியது. நான் கதவைத் திறப்பதற்குள் எதிர்வீட்டு அண்ணாச்சி காரை எடுத்துவிட்டார். "மதினி, நீங்க ஏறுங்க, மத்தத பொறவு பாப்போம்" என்றார். இங்கே முதலுதவி செய்து, ஸ்கேன் பார்த்து, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஐம்பது சொச்சம் கிலோமீட்டர் சாலை அன்றைக்கு நீண்டுகொண்டே போனது. ரத்தத்தில் சோடியம் குறைந்ததுதான் காரணம் என்று தெரிந்து, சில நாளில் வீடு திரும்பினார்.

அந்த இரவில் இரண்டும் தெரிந்தது. கூப்பிட்ட குரலுக்கு வரும் அண்டை வீடு சிற்றூரில் நிச்சயம் உண்டு. சிறப்பு மருத்துவர் இருக்கும் இடத்துக்குத் தூரமும் உண்டு. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அதனால் வீடு பார்க்கும்போதே மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். இரவிலும் சிடி ஸ்கேன் எடுக்கும் இடம் எது? இதய ரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் வசதி எந்த ஊரில்? அங்கே போக இரவில் எவ்வளவு நேரம் ஆகும்? வீட்டில் டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை என்று தொடர் மருத்துவம் நடந்தால், அது முடியும்வரை நகரத்திலேயே இருப்பதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எல்லோருக்கும் நம்மைத் தெரியும்

"உங்க பிள்ளைய பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்" என்று யாராவது சொல்லாத வாரம் இல்லை. மகன் விஷயத்தில் அது எனக்கு நிம்மதி. மகளுக்கு அது பாரம். தோழனோடு நின்று பேசினால் அவள் வீடு வந்து சேரும் முன் செய்தி வந்துவிடும். நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஊர் சொல்வதை வைத்து அவளை விசாரிப்பதில்லை. செய்தி கொண்டு வருகிறவரிடம், "தெரியும், சொல்லிட்டுத்தான் போனா" என்று சொல்லிவிடுவேன். பதின்வயதுப் பெண்ணோடு சிற்றூருக்கு வரும் பெற்றோர் அவள் பக்கம் நிற்கத் தயாராக வர வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வாடகைக்கு வீடு கேட்டால் சொந்த ஊர், தெரு, உறவுமுறை என்று சுற்றிச் சுற்றி வந்து சாதியில் நிற்பார்கள். நகரத்தில் அதே கேள்வியை "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா" என்று கேட்பார்கள். இங்கே நேரடியாகவே கேட்கிறார்கள். இந்தக் கேள்வியால் வீடு மறுக்கப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும். "கிராமத்துக்குத் திரும்பலாம், மனுஷங்க நல்லவங்க" என்று பொதுவாகப் பேசுகிறவர்கள், அந்த நல்ல மனம் எல்லோருக்கும் ஒரே மாதிரி திறப்பதில்லை என்பதையும் நினைக்க வேண்டும். சிலருக்கு நகரம் தருகிற பெரிய விடுதலையே பெயரையும் ஊரையும் கேட்காமல் வாழவிடுவதுதான். அதை விட்டு வரச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

சீசனில் வந்து முடிவெடுக்காதீர்கள்

ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரலில் நனைந்தவருக்குத் தென்காசியில் குடியேறத் தோன்றாமல் இருக்காது. ஏப்ரல், மே வெயிலிலும் வந்து பாருங்கள். சீசன் ஞாயிறுகளில் குற்றாலம் சாலை நெரிசலில், காய்ச்சல் பிள்ளையை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போவது எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். சாரல் காலத்தில் துணி காயாது. எங்கள் வீட்டுக்கார அம்மா முதல் வாரமே சொன்னார்: "எம்மா, வெயிலு முகம் காட்டுன ஒடனே துணியப் போட்டு எடுத்துக்கிடணும், அப்புறமா பாப்போம்னா மூணு நாளைக்கு ஈரந்தான்." எந்த ஊரானாலும் ஒரு முழு ஆண்டு வாடகைக்கு இருந்து பார்த்த பிறகுதான் மனை, கட்டடம் என்று இறங்க வேண்டும்.

முடிவுக்கு ஒரு கெடு

இங்கே வந்தபோது, இது வாழ்நாள் முடிவு என்று நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. மகள் ப்ளஸ் டூ முடிக்கும்போது எல்லோரும் உட்கார்ந்து மறுபடி பேசுவது என்று வைத்திருக்கிறோம். அவள் கல்லூரிக்குச் சென்னை போவாள். அப்போது மகன் நடுநிலைப் பள்ளியில் இருப்பான், மாமியாருக்கு வயது கூடியிருக்கும், என் வாடிக்கையாளர்கள் இங்கே இருப்பார்கள். கணக்கு வேறாகியிருக்கும், பதிலும் வேறாகலாம். அப்படி மாறினால் தென்காசிக்கு வந்தது வீண் என்று ஆகிவிடாது.

ஊர் மாற நினைப்பவர்கள் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள எல்லோர் பெயரையும் எழுதுங்கள், குழந்தைகள் பெயரையும் சேர்த்து. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் அவரவரே எழுதட்டும்: எனக்குக் கிடைப்பது என்ன, இழப்பது என்ன, இழப்பதை ஈடுகட்ட வீடு எனக்கு என்ன செய்யப்போகிறது. மூன்றுக்கும் எல்லோரும் பதில் எழுதியிருந்தால் தைரியமாகக் கிளம்பலாம், அல்லது தைரியமாக இருக்கும் ஊரிலேயே இருந்துவிடலாம். யாராவது ஒருவர் பெயருக்கு நேரே வெற்றிடமாக இருந்தால் லாரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். அவரிடம் பேசிவிட்டுக் கொடுங்கள்.