ஆராய்ச்சிக்குப் பொருள் தெரிதல்

சித்தாந்த நூல்களை ஆராயப் புகும் இளைஞர் சிலர் எம்பால் வந்து, எப்பொருளை எடுத்துக்கொள்ளலாம் என வினவுதலுண்டு. அவருட் பலர் முன்னரே மனத்திற் கொண்டு வருவது 'முப்பொருளுண்மை', 'வேதாந்த சித்தாந்த சமரசம்' போன்ற பெருந்தலைப்பே. ஓராயுளில் அடங்காத பொருளை மூன்றாண்டில் அடக்கப் புகுவார், பிறர் கூறியவற்றைத் தொகுத்தெழுதி ஒழிவர். தொகுத்தல் ஆராய்தலாகாது. ஐயம் நிகழாதவழித் துணிபுக்கு இடம் யாது? ஆகலின் முதற்கண் ஒரு நூலை உரையொடு பலகாற் பயின்று, தமக்குப் பொருள் இடர்ப்படும் இடங்களைக் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுதும். சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு மறைஞான தேசிகர், சிவாக்கிரயோகிகள், ஞானப்பிரகாசர், சிவஞான முனிவர், நிரம்பவழகிய தேசிகர், சுப்பிரமணிய தேசிகர் என்னும் அறுவருரை உள. முத்திநிலை கூறும் செய்யுள் ஒன்றனைக் கொண்டு, அறுவரும் எவ்விடத்து ஒன்றுபட்டனர், எவ்விடத்துப் பிரிந்தனர், பிரிதற்கு ஏது பாடவேறுபாடோ, மேற்கோளாகக் கொண்ட ஆகமமோ, கொள்கையோ என வினவுக. இச்சிறு வினாவே ஒரு பெருநூலுக்குப் போதியதாம்.

அவருள் ஞானப்பிரகாசருரை தனித்து நோக்கற்பாலது. சிவசமவாதம் பற்றிய அவருரையை மறுத்துச் சிவஞான முனிவர் சிவசமவாதவுரை மறுப்பு இயற்றினார். இக்காலத்து மறுப்பைக் கற்றார் பலர்; மறுக்கப்பட்ட உரையை முற்றக் கற்றார் மிகச் சிலர். மடங்களிற் பயின்றார்க்கு இது கூறுதல் சிறிது கைப்பாகலாம். எனினும், சித்தியார் பரபக்கமே மாற்றார் கொள்கையை முன்னர் நிறுத்திப் பின்னரன்றோ மறுக்கின்றது? முனிவர்பால் எமக்குள்ள பேரன்பு பற்றியே, அவர் மறுத்த நூலை முதற்கண் ஓதுக என்கின்றோம். அங்ஙனம் ஓதினார்க்கே மறுப்பின் வன்மை புலனாம்.

காலவாராய்ச்சி செய்வார் அகச்சான்றினின்று தொடங்குக. உமாபதி சிவனார் அருளிய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி.பி. 1313 எனத் தன் காலத்தைத் தானே உணர்த்தும். அதனை நிலைக்களமாக வைத்து மறைஞான சம்பந்தர், அருணந்தி சிவாசாரியார், மெய்கண்டார் எனக் குருமரபின்வழி மேலே செல்லலாம். தலைமுறைக்கு இத்துணையாண்டு எனக் கணக்கிடுவார் கூற்றை மட்டும் எளிதின் நம்பற்க. ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் இடையீடு தந்தை மக்கட்குள்ளதுபோல ஒருபடித்தாக இராது.

இனி, பாடவேறுபாடு தெரிவார்க்கு ஏட்டுப்பயிற்சி இன்றியமையாதது. ஏடுகளிற் புள்ளி பெரும்பாலும் இராது. எகர ஒகரங்கள் குறிலோ நெடிலோ என்பது விளங்காது. காலும் ரகரமும் ஒத்திருக்கும். அச்சுநூலொன்றே கண்டார் இவற்றால் நேரும் மயக்கத்தை அறியார். ஆகமவழி செல்வார்க்கு, 1955இல் நிறுவப்பெற்ற புதுச்சேரிப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்துச் சைவச்சுவடிகள் பெருநிதியாம். புதுச்சேரிச் சைவச்சுவடித் தொகுதி 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. அவை பெரும்பான்மையுங் கிரந்தவெழுத்தின. வடமொழியுங் கிரந்தமும் பயிலாதார் அவ்வழியை விடுத்து, அறுவருரையிற் பாடவேறுபாட்டளவில் தம் வினாவை வரையறுத்துக்கொள்வாராக.