உலைக்களமும் சந்தையும்

நுழையும்முன்

கைத்திறன் ஒருவருக்குத் தொழிலைத் தரும்; கணக்கறிவு அத்தொழிலை நிலைக்கச் செய்யும். பொருளைச் செம்மையாக உருவாக்கத் தெரிந்த பலர், அதற்குரிய விலையைச் சொல்லத் தயங்குகின்றனர். கையால் கத்தி செய்து விற்கும் சிறுதொழிலைச் சான்றாகக் கொண்டு, உழைப்புக்கு உரிய விலையைக் கணிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தொண்டை நாட்டில் இரும்புத் தொழில்

அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றவர் ஔவையார். தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்றுக் காவலில் இருப்பதையும், அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லரின் சிறு கூடத்தில் கிடப்பதையும் புறநானூற்றின் 95ஆம் பாடலில் அவர் ஒப்பிட்டார். கருவியின் பெருமை அதன் பயன்பாட்டில் உள்ளது என்பதையும், கொல்லரின் பட்டறை பழுதுபார்க்கும் இடமாகவும் விளங்கியது என்பதையும் அப்பாடல் உணர்த்துகிறது.

அத்தொண்டை நாட்டைச் சேர்ந்தவையே இன்றைய அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள். 1964இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், ஆவடியின் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் இவ்வட்டாரத்தை இயந்திரத் தொழிலின் களமாக்கின. கடைசல், சாணை பிடித்தல், பற்றவைப்பு, உலோகத்தை வெப்பத்தால் பதப்படுத்துதல் ஆகியன இங்குச் சிறு பட்டறைகளிலும் நடைபெறுகின்றன. எனவே, கத்தி செய்பவர் எல்லா இயந்திரங்களையும் தாமே வாங்க வேண்டியதில்லை. தேவையான வேலையைக் கூலிக்குச் செய்து பெறலாம்.

தேய்ந்த லாரிப் பட்டைகள் கத்திக்கு ஏற்ற மூலப்பொருள். கரிமம் மிகுந்த அந்த எஃகை உலையில் பழுக்கக் காய்ச்சி, சம்மட்டியால் அடித்து வடிவமாக்குவர். பின்னர் மீண்டும் சூடேற்றி எண்ணெயில் தோய்த்து வலுவூட்டுவர். மிதமான சூட்டில் பதப்படுத்தி நொறுங்கும் தன்மையைக் குறைப்பர். தோய்க்கும்போது சில கத்திகள் விரிசல் விடுவதும் உண்டு.

விலை பிறக்கும் முறை

எடுத்துக்காட்டாக, ஒருவர் பத்துச் சமையற் கத்திகளைச் செய்வதாகக் கொள்வோம். ஒரு கத்திக்கு எஃகு, கரி, பிடி, ஆணி, மின்சாரம் ஆகியவற்றின் செலவு 180 ரூபாய். வாடகையிலும் கருவித் தேய்மானத்திலும் அதன் பங்கு 60 ரூபாய். பத்துக் கத்திகளுக்கும் ஆகும் செலவு 2,400 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி நேரம் வீதம் உழைப்பு 30 மணி நேரம். மணிக்கு 120 ரூபாய் எனக் கணக்கிட்டால் கூலி 3,600 ரூபாய். ஆக, அடக்கவிலை 6,000 ரூபாய்.

பத்தில் ஒன்று விரிசல் விட்டால் ஒன்பது கத்திகளே விற்பனைக்கு வரும். அந்த ஒன்பதும் 6,000 ரூபாயை ஈட்டித்தர வேண்டும். ஆகவே, ஒன்றின் அடக்கவிலை ஏறத்தாழ 667 ரூபாய். இருபது விழுக்காடு இலாபம் சேர்த்தால் விற்பனை விலை 800 ரூபாயாகும்.

அதே கத்தியை 500 ரூபாய்க்கு விற்றால் என்ன நிகழும்? ஒன்பது கத்திகளுக்கு 4,500 ரூபாய் கிடைக்கும். செலவு போக 2,100 ரூபாய் மிஞ்சும். கையில் நிற்கும் அத்தொகை இலாபம்போலத் தோன்றும். ஆனால், 30 மணி நேர உழைப்புக்கு அதனைப் பகிர்ந்தால் மணிக்கு 70 ரூபாயே கூலி. இலாபம் என்று கருதப்பட்டது குறைந்த கூலியே என்பது கணக்கிட்ட பின்னரே புலப்படும். தம் கூலியைக் கணக்கில் சேர்க்காத கைவினைஞரின் பிள்ளைகள் வேறு வேலை தேடிச் செல்வதில் வியப்பில்லை. திறமை குன்றாத நிலையிலும் ஒரு தொழில் அழிய இஃதே போதுமானது.

சந்தையும் நம்பிக்கையும்

ஆலைக் கத்தியோடு விலைமலிவில் போட்டியிடுவது கைவினைஞரால் இயலாது. வாங்குவோரின் தேவைக்கேற்ற நீளமும் எடையும் பிடியும் அமைத்துத் தருதல், மழுங்கினால் மீண்டும் சாணை பிடித்துத் தருதல் ஆகியனவே அவருடைய வலிமை. கடைக்காரர் தம் பங்கைச் சேர்த்து விற்பார். ஆதலால், அவருக்கு 800 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டுப் பட்டறையில் அதே விலைக்கு விற்றால் கடைக்காரரின் ஆதரவை இழக்க நேரிடும்.

பெயரும் ஒரு முதலீடே. சிவகங்கை மாவட்டத்தின் திருப்பாச்சேத்தி அரிவாள் ஊர்ப்பெயராலேயே அறியப்படுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் கத்தி செய்வோரின் முத்திரைகளை ஒழுங்குபடுத்த 1624இலேயே ஒரு சங்கம் அமைந்தது. கத்தியில் பொறிக்கும் முத்திரை, தரத்துக்குத் தரும் வாக்குறுதியாகும்.

சட்டமும் பொறுப்பும்

வீட்டுக்கும் வேளாண்மைக்கும் தொழிலுக்கும் உரிய கத்திகளைப் படைக்கலச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டு விதிகள் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குகின்றன. பிற பயனுக்கான கூரிய கருவிகளின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ மிஞ்சினால் அவை படைக்கலமாகக் கருதப்படும். கத்தி, அரிவாள் வாங்குவோரின் விவரங்களைப் பதிவு செய்யுமாறு தமிழகக் காவல்துறை 2021இல் அறிவுறுத்தியது. யாருக்கு விற்கக்கூடாது என்பதை அறிதலும் வணிக அறமே.

தன் பொருளின் தரத்தையும் தன் உழைப்பின் மதிப்பையும் ஒருங்கே அறிந்தவரே தயக்கமின்றி விலை சொல்ல முடியும். உலையின் வெப்பத்தை அளந்தறியும் கண்ணுக்கு வரவு செலவை அளந்தறியும் பயிற்சியும் வாய்க்குமாயின், கொல்லரின் பட்டறை அடுத்த தலைமுறைக்கும் வாழ்வளிக்கும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கைவினைஞர் ஒருவரைச் சந்தித்து, அவர் செய்யும் பொருளின் அடக்கவிலையைக் கணக்கிட்டு வகுப்பறையில் விளக்குக.

2. பத்தில் இரண்டு கத்திகள் விரிசல் விட்டால், அதே இலாபத்துக்கு விற்பனை விலை எவ்வளவாகும்? கணக்கிடுக.