நீரில் ஊறிய ஒட்டுப்பலகை

காரைக்குடியைச் சுற்றி வாழும் நமக்கு மரத்தின் அருமையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பர்மாத் தேக்குத் தூண்கள் தலைமுறைகள் கடந்தும் நிமிர்ந்து நிற்கின்றன. ஆனால் நம் வீட்டு அலமாரியோ சில மழைக்காலங்களிலேயே அடிப்பகுதி உப்பி, மேல்தாள் உரிந்துவிடுகிறது. இது ஏன்? இதைச் சீர்செய்ய இயலுமா? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உப்புவதன் காரணம்

மரம் நீரை உறிஞ்சினால் நாரின் நீளவாக்கில் மிகச் சிறிதளவே விரியும். குறுக்குவாக்கில் அதிகமாக விரியும். எனவே பிளைவுட் என்னும் ஒட்டுப்பலகையில் ஒரு தாளின் நாருக்குக் குறுக்காக அடுத்த தாளின் நார் அமையும்படி ஒட்டுகிறார்கள். ஒன்று விரிய முயன்றால் மற்றொன்று பிடித்து நிறுத்தும். இந்தப் பிடிப்பு முழுவதும் பசையைப் பொறுத்தது. யூரியா ஃபார்மால்டிஹைடு பசை நீரில் நெடுநேரம் ஊறினால் நெகிழும். ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பசை தாங்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 303 தரத்தில் எம்.ஆர். வகை காற்றின் ஈரத்தையே தாங்கும், பி.டபிள்யூ.ஆர். வகை கொதிநீரையும் தாங்கும். பலகை வாங்கும்போது இவ்வெழுத்துகளைப் பார்த்து வாங்குவது நலம்.

மரச்செதில்களை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு வேறு வகை. அது ஒருமுறை உப்பினால் பழைய கனத்துக்குத் திரும்பாது. கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, புதுத் துண்டு பொருத்துவதே வழி.

சீர்செய்யும் முறை

முதலில் நீர் வரும் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். கூரை ஒழுக்காக இருக்கலாம். பெரும்பாலும் நாம் வாளி வாளியாக ஊற்றித் தரை கழுவும் நீரேயாகும். அதை நிறுத்தாமல் செய்யும் வேலை வீண்.

அடுத்து, பலகையைச் சுவரிலிருந்து விலக்கி நிழலில் காற்றாட உலர்த்துவோம். கடும் வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். தினமும் ஒரே இடத்தில் அதன் கனத்தை அளந்து குறிப்போம். தொடர்ந்து சில நாட்கள் அளவு மாறாதிருந்தால் உலர்ந்ததாகக் கொள்ளலாம். இங்கேதான் பொறுமை தேவை. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை, தன்னிலுள்ள நீரை மரத்துக்குக் கொடுத்தே இறுகுகிறது. மரமே ஈரமாக இருந்தால் அந்த நீர் எங்கே போகும்?

பிறகு பிரிந்த தாள்களை மெல்லிய தகட்டால் சற்றே விலக்கி, ஊசிக்குழலால் பசையை உள்ளே செலுத்துவோம். மேலே பாலிதீன் தாள், அதன்மேல் நேரான பலகை வைத்துக் கிளாம்ப் கொண்டு இறுக்கி, 24 மணி நேரம் விட்டுவிடுவோம். உரிந்த மைக்காவுக்கு ரப்பர் பசை ஏற்றது. இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்த வேண்டும். தேய்க்கும்போது தூசி மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்வோம். கத்தி வேலையைப் பெரியவர் துணையோடு செய்வோம்.

இறுதியாக, பலகையின் வெட்டு விளிம்புகளுக்கு வண்ணம் பூச வேண்டும். நீர் மிக எளிதாக நுழையும் வாசல் அதுவே.

முன்னோர் காட்டிய வழி

செட்டிநாட்டு வீடுகளில் மரத்தூண்கள் தரையில் ஊன்றப்படாமல் கல் அடித்தளத்தின்மேல் நிற்பதைக் கண்டிருப்போம். தேக்கின் இயற்கை எண்ணெயை மட்டும் நம்பாமல், மரத்தை ஈரத்திலிருந்து உயர்த்தியும் வைத்தார்கள். நாமும் அலமாரியின் நான்கு மூலைகளிலும் கல்துண்டோ ரப்பர்க் கட்டையோ வைத்தால் போதும். செலவு சில ரூபாயே. காப்பாற்றப்படுவதோ பெற்றோர் பல மாதம் சேமித்து வாங்கிய பொருள்.

புனித சூசையப்பர் தச்சுத் தொழிலால் திருக்குடும்பத்தைக் காத்தார். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான அவருடைய விழாவாக ஏற்படுத்தினார். உளியும் பசையும் ஆண்களுக்கே உரியவை என்று ஒதுங்காமல், பெண்களாகிய நாமும் கற்போம். கெட்டதென்று தெருவில் எறியுமுன், ஒருமுறை உலர்த்திப் பார்ப்போம்.