மூதூரில் சிறைபட்டவர் கண்ட மலைநாடு

கேள்வி: மூதூரில் பிடிபட்ட வெள்ளைக்காரர் ஒருவர் கண்டி நாட்டைப் பற்றிப் புத்தகம் எழுதினாராமே, உண்மையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: முழு உண்மை. அவர் ராபர்ட் நொக்ஸ். புயலில் பாய்மரம் முறிந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல் பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்டனையும் அவர் மகன் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு அப்போது வயது இருபதைத் தாண்டவில்லை.

சங்கிலி போடவில்லை, ஊர்களில் விட்டுவைத்தார்கள். மலையும் காடும்தான் சிறைச்சுவர். கணவாய்களில் முட்கதவும் காவலும். நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல் கடன் கொடுத்தார், சில்லறைச் சாமான் சுமந்து ஊர் ஊராகத் திரிந்தார். அந்த வியாபார நடையிலேயே வழியறிந்து, 1679இல் ஒரு தோழருடன் அநுராதபுரக் காடு தாண்டி, மன்னார்ப் பக்கம் அரிப்பிலிருந்த டச்சுக் கோட்டையை அடைந்தார்.

அவர் நூல் 1681இல் லண்டனில் வெளியானது. வயலுக்கு நீர் கட்டுவது, அட்டைக்கடி, குடைக்குப் பதில் தாளிப்பனை ஓலை, சாதி, வரி, மன்னனின் கொடுமை என்று எல்லாம் அதில் உண்டு. மன்னன்மீதான கோபத்தைக் கழித்துப் படிக்க வேண்டும். ஆனால் உழவரின் அன்றாடத்தை அவர் எழுதிய பகுதிகளை நான் பெரிதும் மதிக்கிறேன். அரண்மனைக்கு வந்துபோன தூதர்களுக்கு அந்த வாழ்க்கை கண்ணில் பட்டிருக்காது. அவர் பிடிபட்ட இடத்தைக் குறிக்கும் நினைவுக்கல் மூதூரில் இருக்கிறது. உங்களுக்குப் பக்கம்தானே, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.