விரிதாளும் செய்நிரலும் கொண்டு வீடியோ தொகுத்தல்

மாணவர்களே, “மீள்செயல் என்றால் என்ன?” என்று கேட்டால் நீங்கள் எல்லோரும் வரைவிலக்கணம் எழுதி விடுவீர்கள். ஆனால் ஒரு சந்தர்ப்பத்தைத் தந்து, “இதில் எது மீள நிகழ்கிறது, எது மாறுகிறது?” என்று கேட்டால் பலர் தடுமாறுகிறீர்கள். புள்ளி போவது அங்கேதான். ஆகவே இப்பாடத்தில் ஒரே ஒரு சந்தர்ப்பத்தை எடுத்து முற்றாகப் பார்ப்போம்.

சந்தர்ப்பம்: ஒரு பாடசாலையின் பரிசளிப்பு விழா மூன்று மணி நேர வீடியோவாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. பரிசு பெற்ற மாணவர் 84 பேர். ஒவ்வொருவருக்கும் அவர் மேடையேறிய பகுதியை மட்டும் வெட்டி, கீழே பெயரையும் பரிசையும் எழுதி, தனிக் கோப்பாகக் கொடுக்க வேண்டும்.

தொகுப்பு மென்பொருளில் இதைக் கையால் செய்தால் ஒருவருக்கு 6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 84 பேருக்கு 504 நிமிடம், அதாவது 8 மணி 24 நிமிடம். இந்த நேரம் முழுவதும் செய்யப்படுவது ஒரே வேலை: இடத்தைத் தேடு, வெட்டு, பெயரை எழுது, சேமி. இந்த நான்கு படிகளும் மாறுவதில்லை. மாறுபவை ஐந்து மட்டுமே: தொடரிலக்கம், பெயர், பரிசு, ஆரம்ப நேரம், முடிவு நேரம்.

மாறாதவற்றைச் செய்நிரலில் எழுதுக. மாறுபவற்றை விரிதாளில் எழுதுக. இப்பாடத்தின் உயிர்நாடி இதுதான். விரிதாளில் ஒரு மாணவருக்கு ஒரு நிரை. மேற்சொன்ன ஐந்தும் ஐந்து நிரல்கள். (நிரை கிடையாக, நிரல் நிலைக்குத்தாக. இதை மாற்றி எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள்!)

இதற்கான போலிக் குறிமுறை:

ஆரம்பம்
அட்டவணையைத் திற
தலைப்பு நிரையைத் தாண்டு
நிரைகள் உள்ளவரை செய்க
　ஒரு நிரையை வாசி
　காலம் = முடிவு நேரம் − ஆரம்ப நேரம்
　காலம் > 0 எனின்
　　வீடியோவை வெட்டு, பெயரைப் பதி, தொடரிலக்கத்தைக் கோப்பின் பெயராக இட்டுச் சேமி
　இன்றேல்
　　தொடரிலக்கத்தைப் பிழைப் பட்டியலில் எழுது
மீள்க
முடிவு

தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய மூன்று கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகளும் இதில் இருப்பதைக் கவனிக்க. உயர்தர மாணவர் இதனைப் பைதன் மொழியில் எழுதலாம், சி.எஸ்.வி. கோப்பை வாசிக்கும் வசதி அம்மொழியுடனேயே வருகிறது. வெட்டுதல், பெயர் பதித்தல் ஆகியவற்றைப் பைதன் தானே செய்வதில்லை. அது எவ்.எவ்.எம்பெக் என்ற இலவச மென்பொருளுக்குக் கட்டளை அனுப்புகிறது. 2000ஆம் ஆண்டில் பாப்ரிஸ் பெல்லார் என்பவரால் தொடங்கப்பட்ட இம்மென்பொருள் எழுத்துக் கட்டளையால் இயங்குவது. அழுத்துவதற்குப் பொத்தான்கள் இல்லை. செய்நிரலொன்றுக்கு அதுவே வசதி.

எப்போதும் செய்நிரல்தான் சிறந்ததா? இல்லை. செய்நிரல் எழுத 120 நிமிடமும், விரிதாளில் ஒரு நிரை நிரப்ப 1 நிமிடமும் ஆகும் எனக் கொள்வோம். மாணவர் தொகை ந எனின், கையால் 6ந. செய்நிரலால் 120 + ந. இரண்டும் சமப்படுவது ந = 24 ஆகும்போது. 84 பேருக்கு 204 நிமிடம் போதும். 5 மணித்தியாலம் மிச்சம். பத்துப் பேருக்கென்றால் பேசாமல் கையால் செய்து முடியுங்கள்.

இனி, தரவு பிழைக்கும் இடங்கள். இப்பகுதியை இரண்டு தடவை வாசிக்கவும்.

நேரத்தை 1:20 என்று தட்டச்சு செய்தால் நீங்கள் நினைப்பது 1 நிமிடம் 20 செக்கன். எக்செல் விளங்கிக்கொள்வது 1 மணி 20 நிமிடம். ஆகவே முழுவதையும் செக்கனாக மாற்றி எழுதுவதே பாதுகாப்பு. 1 மணி 10 நிமிடம் 10 செக்கன் = 3600 + 600 + 10 = 4210. அதேபோல் 017 என்ற தொடரிலக்கம் 17 ஆகிவிடும். அந்த நிரலை முன்கூட்டியே எழுத்துவகையாக மாற்றி வைக்கவும்.

தமிழ்ப் பெயர்களில் வேறொரு சிக்கல் உண்டு. எங்கள் பாடசாலைகளில் பழைய பட்டியல்கள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அதில் திரையில் ‘க’ என்று தெரிவது உண்மையில் ‘எவ்’ என்ற ஆங்கில எழுத்து. எழுத்துரு அதற்குத் தமிழ் வேடம் போட்டிருக்கிறது. செய்நிரல் வேடத்தைப் பார்ப்பதில்லை. வீடியோவில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். எனவே முதலில் யுனிகோட்டுக்கு மாற்றி, சேமிக்கும்போது யூ.ரி.எவ்.-8 வகைச் சி.எஸ்.வி.யைத் தெரிவு செய்க. சாதாரண சி.எஸ்.வி. வகையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும்.

எல்லாவற்றிலும் மோசமான பிழையை நானே செய்திருக்கிறேன். நான் கலைப் பட்டதாரி. இவற்றையெல்லாம் தட்டித் தடவிக் கற்றவன். இதுபோன்ற ஒரு வேலையில் பெயர்களை அகரவரிசைப்படுத்த எண்ணிப் பெயர் நிரலை மட்டும் தெரிவு செய்தேன். பக்கத்து நிரல்களையும் சேர்க்கவா என்று விரிதாள் கேட்டது. வாசிக்காமல் மற்றப் பொத்தானை அழுத்தினேன். பெயர்கள் நகர்ந்தன; நேரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன. செய்நிரல் ஒரு பிழைச் செய்தியும் காட்டவில்லை. எல்லாக் கோப்புகளும் அழகாக, ஒழுங்காக வந்தன. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு பிள்ளையின் முகத்துக்குக் கீழே இன்னொரு பிள்ளையின் பெயர். மறுநாள் ஒரு தாய் தொலைபேசியில் கோபிக்கவில்லை. “சேர், பிள்ளைக்கு இதுதான் முதல் பரிசு, அவவின்ர பெயர் வரேல்லை” என்று மட்டும் சொன்னார். கையால் செய்திருந்தால் முகத்தையும் பெயரையும் ஒன்றாகப் பார்த்திருப்பேன். மூன்றாவது கோப்பிலாவது பிடிபட்டிருக்கும்.

ஆகவே முழு அட்டவணையையும் ஓடவிடுமுன் முதல் நிரை, நடு நிரை, கடைசி நிரை ஆகிய மூன்றை மட்டும் ஓடவிட்டு, வீடியோவைக் கண்ணால் பார்க்கவும். முடிவில் கோப்புகளை எண்ணவும். 84 நிரைக்கு 83 கோப்பு எனின் பிழைப் பட்டியலில் ஒரு தொடரிலக்கம் இருக்க வேண்டும். அதுவும் இல்லையெனில் இரண்டு மாணவருக்கு ஒரே தொடரிலக்கம் இட்டு, பின்னையது முன்னையதை அழித்திருக்கலாம்.

பயிற்சி வினாக்கள்

1. மேற்படி போலிக் குறிமுறைக்குப் பாய்ச்சற்கோட்டுப்படம் வரைக.

2. ஒரு நிரையில் ஆரம்ப நேரம் 4255 எனவும் முடிவு நேரம் 4210 எனவும் இடம்மாறி எழுதப்பட்டுள்ளது. செய்நிரல் என்ன செய்யும்?

3. பெயர்கள் இடம்மாறிய பிழையை ‘காலம் > 0’ என்ற நிபந்தனையால் ஏன் கண்டுபிடிக்க முடியாது? (குறிப்பு: அந்த நிபந்தனை எந்த நிரல்களைப் பார்க்கிறது என்று யோசிக்க.)