வாடகைக் கட்டடத்தில் சோலார்: கடனுக்கு முன் பத்திரம்

கேள்வி: ஈரோட்டில் வாடகைக் கட்டடத்தில் பேக்கரி நடத்துகிறேன். கரன்ட் பில் கட்டி மாளவில்லை. மொட்டை மாடியில் சோலார் பேனல் போடவும், பழைய ஃப்ரீசர்களை மாற்றி மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியவற்றை வாங்கவும் ஏழு வருடத் தவணையில் கடன் தர வங்கி முன்வந்திருக்கிறது. கட்டட உரிமையாளர் ‘தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்’ என்கிறார். ஆனால் எங்களுக்குள் இருப்பது 11 மாத ஒப்பந்தம்தான். நாளை காலி செய்யச் சொன்னால் பேனல்கள் யாருக்குச் சொந்தம்? உரிமையாளரின் கையெழுத்தையும் வங்கி கேட்கிறது. அதற்கு அவர் தயங்குகிறார். என்ன செய்வது?
- வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் பொருத்திய பேனல்களை நீங்களே கழற்றி எடுத்துப் போகலாம். சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-ன் 108-வது பிரிவு வாடகைதாரருக்கு இந்த உரிமையைத் தருகிறது. ஆனால், கட்டடம் உங்கள் சுவாதீனத்தில் இருக்கும் வரைதான் எடுக்க முடியும். சாவியை ஒப்படைத்த பிறகு உரிமை கோர முடியாது. கட்டடத்தை வாடகைக்குப் பெற்றபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தரவும் வேண்டும்.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் இந்தப் பிரிவு உதவாது. ‘வாடகைதாரர் செய்யும் இணைப்புகள் யாவும் உரிமையாளரையே சேரும்’ என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது காலம். ஏழு வருடக் கடனை 11 மாத ஒப்பந்தத்தை நம்பி வாங்காதீர்கள். வெளியேற நேர்ந்தாலும் தவணை நிற்காது. கடன் முடியும் வரையாவது நீடிக்கும் குத்தகைப் பத்திரம் எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். வாய்ச்சொல்லோ, முத்திரைத்தாளில் எழுதிப் பதியாமல் வைத்த ஒப்பந்தமோ அந்தக் காலத்துக்குப் பாதுகாப்பு தராது. பேனல் உங்கள் சொத்து, காலி செய்யும்போது அதைக் கழற்ற அவகாசம் உண்டு, கட்டடம் கைமாறினாலும் இது செல்லும் என்பவற்றை அதில் தெளிவாக எழுதுங்கள்.

பத்திரத்துக்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். கட்டடம் ஏற்கெனவே அடமானத்தில் இருந்தால் இரண்டு சிக்கல்கள் உண்டு. அடமானம் வைத்தவர் தன்னிச்சையாகக் கட்டடத்தைக் குத்தகைக்கு விட, சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 65A பிரிவு மூன்றாண்டுகளுக்கு மேல் அனுமதிப்பதில்லை. சொத்தில் பிறகு சேர்பவையும் அடமானத்துக்குள் வரும் என்கிறது அதே சட்டத்தின் 70-வது பிரிவு. ஆகவே, அடமானம் பெற்ற வங்கியிடமிருந்து குத்தகைக்கும் பேனலுக்கும் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்குங்கள்.

உரிமையாளரின் தயக்கம் நியாயமானதே. வங்கி கேட்பது ஆட்சேபனையில்லாச் சான்றா, ஜாமீனா என்று கேளுங்கள். முதலாவது என்றால், பேனல் பொருத்தவும் தேவைப்பட்டால் வங்கி கழற்றிச் செல்லவும் அவர் அனுமதி தருகிறார், அவ்வளவே. ஜாமீன் என்றால், இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவின்படி கடன் முழுவதற்கும் அவரும் உங்களைப் போலவே பொறுப்பாளி. அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

அதற்குத் தேவையும் குறைவு. குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தொகை கூடினால், மத்திய அரசும் இந்தியச் சிறுதொழில் வளர்ச்சி வங்கியும் (சிட்பி) 2000-ல் அமைத்த கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் உத்தரவாதத்தில் தர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள்.

வில்லங்கச் சான்று, பதிவு செய்த குத்தகை, அதன் பிறகே கடன் பத்திரம். இந்த வரிசையை மாற்றாதீர்கள். வங்கி அவசரப்படுத்தினாலும் சரி.