சம்பளமும் டாலர், சேமிப்பும் டாலரா?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் திருப்பூர் மெர்ச்சண்டைசர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் பங்குகள் உள்ள மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடலாமா? போடலாம். ஆனால் ஒரு பள்ளிக்கூட ஆசிரியருக்குச் சொல்லும் அளவை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்கள் சம்பளமே அமெரிக்கப் பையரை நம்பி இருக்கிறது.

2022-ஐ நினைத்துப் பாருங்கள். மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்ச ரூபாயைத் தொட்டது. நூல் விலையைக் கண்டித்து பனியன் கம்பெனிகள் இரண்டு நாள் மூடிக் கிடந்தன. ஆண்டின் பிற்பாதியில் அமெரிக்கக் கடைகளில் சரக்கு தேங்கி, ஆர்டர் சுருங்கியது. அதே ஆண்டில்தான் நாஸ்டாக் 100 குறியீடு மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. மெட்டா பங்கு 60 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. ஓவர்டைம் குறைந்த வீட்டில் சேமிப்பும் சேர்ந்து கரைந்தால் தாங்குமா?

எப்போதும் இப்படிச் சேர்ந்தே விழும் என்றும் இல்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டு நம் ஷிப்மென்ட்டுகள் தடுமாறியபோது, நாஸ்டாக் ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2011-ல் 45 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2024 முடிவில் 85-ஐத் தாண்டியதும் இந்த ஃபண்டுகளுக்கு லாபமே. அதனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு மாத வீட்டுச் செலவை வங்கியில் ஒதுக்கிய பிறகு, மாதச் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கு போதும். அதுவும் நீண்ட காலத்துக்குத் தேவைப்படாத பணமாக இருக்கட்டும். 2000 மார்ச்சில் தொட்ட உச்சத்தை நாஸ்டாக் காம்போசிட் மறுபடி எட்டிப் பிடித்தது 2015-ல்.

ஃபண்டைத் தேர்ந்தெடுக்கும்போது லேபிளை நம்பாதீர்கள், அட்டைப் பெட்டியைப் பிரியுங்கள். ஃபண்ட் ஆஃப் ஃபண்ட் என்றால் அதன் ஃபேக்ட்ஷீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இருக்கும்: வேறொரு இடிஎஃப்பின் பெயர். அந்த இடிஎஃப்பின் ஃபேக்ட்ஷீட்டையும் எடுத்துப் படியுங்கள். நாஸ்டாக் 100-ல் முதல் பத்து கம்பெனிகளே ஏறக்குறைய பாதி எடையைப் பிடித்திருக்கின்றன. ஃபேங் பிளஸ் குறியீட்டில் இருப்பதே பத்து பங்குகள், பெரும்பாலும் நாஸ்டாக் 100-லும் இருப்பவை. இரண்டையும் வாங்கினால் பணம் பிரிந்துவிட்டது என்று நினைப்பீர்கள்; ஒரே நூலில் ஓட்டிய துணியை இரண்டு கலரில் சாயம் போட்ட கதைதான். ஹாங் செங் டெக் வேறு நூல், அலிபாபாவும் டென்சென்ட்டும் அதில் உண்டு. ஆனால் 2021-ல் சீன அரசு பிடியை இறுக்கியபோது அது பட்ட அடி பலமானது.

அடுத்தது, பலர் பணத்தை விடும் இடம். மியூச்சுவல் ஃபண்டுகள் வெளிநாட்டில் முதலீடு செய்ய ரிசர்வ் வங்கி மொத்தம் 700 கோடி டாலர் வரம்பு வைத்திருக்கிறது. வெளிநாட்டு இடிஎஃப்களுக்குத் தனியாக 100 கோடி. 2022 தொடக்கத்தில் பெரிய வரம்பு நிரம்பி, பல ஃபண்டுகள் புதுப் பணம் வாங்குவதை நிறுத்தின. புது யூனிட் வராதபோது சந்தையில் இருக்கும் இடிஎஃப் யூனிட்டுக்குக் கிராக்கி கூடும். வாங்கும் முன் ஃபண்ட் ஹவுஸ் தளத்தில் ஐஎன்ஏவி, அதாவது ஒரு யூனிட்டுக்குள் இருக்கும் பங்குகளின் அப்போதைய மதிப்பு, பாருங்கள். அது 100, சந்தை விலை 115 என்றால் 15 ரூபாய் வெறும் தட்டுப்பாட்டுக்குக் கொடுக்கிற காசு. கதவு திறந்ததும் அது போய்விடும்; உங்கள் முதலில் 13 சதவீதம் காலி.

வரி: வெளிநாட்டு ஃபண்ட் ஆஃப் ஃபண்டை 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம். அதற்குள் விற்றால் உங்கள் வருமான வரி விகிதப்படி. செலவைக் குறைக்க டைரக்ட் பிளான் எடுங்கள்.

நீங்கள் பார்த்த ஃபண்ட் இப்போது பணம் வாங்கவில்லையா? அந்த மாதத் தொகையை லிக்விட் ஃபண்டில் போட்டு வையுங்கள். திறக்கிற அன்று எஸ்ஐபி போடலாம்.